எட்டு வயதுச் சிறுவனின் ரத்தக் குழாய்

சர்க்கரையும் கொழுப்பும் சரியாக இருக்கின்றன, ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் மட்டும் கூடியிருக்கிறது. ஃபோலிக் அமில மாத்திரை போட்டால் மாரடைப்பு வராதா என்று வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். ஹோமோசிஸ்டீன் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு அமெரிக்கச் சிறுவன் ஒருவனின் நினைவு வந்தது.

பாஸ்டனில் 1933-இல் அவன் பக்கவாதத்தால் இறந்தான். வயது எட்டு. கழுத்து ரத்தக் குழாய்கள் கிழவருடையவை போலத் தடித்துக் குறுகியிருந்தன. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே குடும்பத்துச் சிறுமி ஒருத்திக்கு, ஹோமோசிஸ்டீன் பெருகும் பிறவி நோய் இருப்பது தெரிந்தது. பின்னர் கில்மர் மெக்கல்லி என்ற மருத்துவர் சிறுவனின் பழைய திசுக்களைத் தேடியெடுத்து ஆராய்ந்தார். இரண்டு மாதமே வாழ்ந்த இன்னொரு குழந்தையின் குழாய்களிலும் அதே சிதைவு. அதற்கோ பழுது வேறொரு நொதியில். இருவருக்கும் பொதுவாக மிகுந்திருந்தது ஹோமோசிஸ்டீன்தான். 1969-இல் அவர் இதை வெளியிட்டபோது மருத்துவ உலகம் கொழுப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. எழுபதுகளின் முடிவில் அவர் வேலையையே இழந்தார். இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

புரத உணவிலுள்ள மெத்தியோனைனிலிருந்து உடலில் ஹோமோசிஸ்டீன் உண்டாகிறது. ஃபோலேட்டும் (மாத்திரையில் ஃபோலிக் அமிலமாக வருவது) பி12-உம் சேர்ந்து அதை மறுபடி மெத்தியோனைனாக மாற்றிவிடுகின்றன. அப்படியானால் மாத்திரை போதுமே? 2006-இல் 5,522 பேரிடம் நடந்த 'ஹோப்-2' ஆய்வில் ஃபோலிக் அமிலமும் பி வைட்டமின்களும் கொடுத்தார்கள். ஹோமோசிஸ்டீன் இறங்கியது, மாரடைப்பு குறையவில்லை. ஆனால் சீனாவில் உயர் ரத்த அழுத்தமுள்ள 20,702 பேரில் ஒரு பகுதியினருக்கு அழுத்த மாத்திரையோடு ஃபோலிக் அமிலமும் கொடுத்தபோது, முதல் பக்கவாதம் 3.4 சதவீதத்திலிருந்து 2.7 ஆகக் குறைந்தது. 2015-இல் வந்த முடிவு இது. அங்கே, அமெரிக்காவைப்போல மாவில் ஃபோலிக் அமிலம் கலக்கும் வழக்கம் இல்லை. உணவில் பற்றாக்குறை உள்ளவருக்கே மாத்திரை உதவுகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

பற்றாக்குறையை நாமே சமையலறையில் உண்டாக்கிக்கொள்கிறோம் என்பதுதான் என் வருத்தம். ஃபோலேட் நீரில் கரையும். பாலக் கீரையைத் தண்ணீரில் வேகவைத்தால் ஏறத்தாழப் பாதி போய்விடும். ஆவியில் வேகவைத்தால் பெரிதாகக் குறையாது. கீரை வெந்த நீரைக் கொட்டிவிட்டு மாத்திரைக்குக் காசு கொடுக்கலாமா? பாசிப்பயறு, கொண்டைக்கடலை, உளுந்து எல்லாவற்றிலும் ஃபோலேட் தாராளம்.

கேட்டவர் சைவ உணவுக்காரர் என்றால் முதலில் பி12 அளவைப் பார்க்கட்டும். அது குறைந்தாலும் ஹோமோசிஸ்டீன் கூடும். அந்நிலையில் ஃபோலிக் அமிலத்தை மட்டும் விழுங்கினால் ரத்தசோகை தெளிந்ததுபோல் தெரியும், நரம்புகளோ உள்ளே சேதமாகிக்கொண்டே போகும்.