உயராத கை

1935 அக்டோபர். பென்சில்வேனியாவில் மைனர்ஸ்வில் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். பள்ளியில் காலை நேரக் கொடி வணக்கம். எல்லாப் பிள்ளைகளும் கையை நீட்டினார்கள். ஐந்தாம் வகுப்பு வில்லியம் மட்டும் நீட்டவில்லை. ஆசிரியை அவன் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பையன் பாக்கெட்டை இறுகப் பற்றிக்கொண்டான். மறுநாள் ஏழாம் வகுப்பில் அவன் அக்கா லில்லியனும் கை தூக்க மறுத்தாள்.

அவர்கள் யெகோவாவின் சாட்சிகள். வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பத்திரிகை நீட்டுபவர்கள் என்று நம்மூரிலும் பலருக்குத் தெரிந்த பிரிவு. கடவுளைத் தவிர வேறெதையும் வணங்குவது விக்கிரக ஆராதனை என்பது அவர்கள் நம்பிக்கை. பள்ளி நிர்வாகக் குழுவுக்குத் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதி இதை விளக்கினான் வில்லியம். நாட்டை நேசிக்கிறேன், கடவுளை அதைவிட நேசிக்கிறேன் என்பது அதன் சாரம். நவம்பர் தொடக்கத்தில் இருவரும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அப்பா நடத்திவந்த மளிகைக் கடையைப் புறக்கணிக்கப்போவதாக ஊரில் மிரட்டல் வேறு.

அந்த வணக்கம் எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1892இல் கொடி உறுதிமொழியை எழுதியவர் பிரான்சிஸ் பெல்லமி என்ற முன்னாள் பாதிரியார். பத்திரிகை ஒன்றில் வேலை பார்த்தவர். உறுதிமொழி சொல்லும்போது வலக்கையைக் கொடியை நோக்கி விறைப்பாக நீட்ட வேண்டும். அந்தக் காலப் பள்ளிப் புகைப்படங்களை இன்று பார்த்தால் தூக்கிவாரிப்போடும். அமெரிக்கக் குழந்தைகள் வரிசையாக நின்று ஹிட்லர் வணக்கம் செய்வதுபோல் இருக்கும். அதே ஆண்டுகளில் ஜெர்மனியில், ஹிட்லருக்குக் கை தூக்காததற்காக இதே யெகோவாவின் சாட்சிகள் முகாம்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1942 டிசம்பரில்தான் அமெரிக்க நாடாளுமன்றம், கையை நெஞ்சில் வைத்தால் போதும் என்று மாற்றியது.

நீக்கத்தை எதிர்த்துக் குடும்பம் தொடுத்த மைனர்ஸ்வில் வழக்கில் கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் பிள்ளைகள் பக்கமே நின்றன. உச்ச நீதிமன்றம் 1940 ஜூன் 3 அன்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைப் புரட்டிப் போட்டது. தேதியைக் கவனியுங்கள். டன்கர்க்கில் கடைசிப் படகுகள் கிளம்பிக்கொண்டிருந்தன. பிரான்ஸ் விழப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தேச ஒற்றுமைதான் தேசப் பாதுகாப்பின் அடித்தளம், அதை எப்படி வளர்ப்பது என்பதைப் பள்ளிக் குழுக்களும் சட்டமன்றங்களும் முடிவு செய்யட்டும் என்று எழுதினார் நீதிபதி பிலிக்ஸ் பிராங்க்பர்ட்டர்.

இவரை வில்லனாக்குவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வியன்னாவில் பிறந்து, 12 வயதில் கப்பலேறி வந்த யூதர் அவர். தொழிலாளர் நலச் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டிச் சாய்த்த பழைய நீதிபதிகளை எதிர்த்தே பெயரெடுத்தவர். மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் செய்ததை, மக்கள் தேர்ந்தெடுக்காத நீதிபதி தனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகத் தள்ளக் கூடாது என்பது அவருடைய வாழ்நாள் கொள்கை. கொள்கை நல்லதுதான். அதை ஒரு சிறுவனின் கையைத் தூக்கவைப்பதற்குப் பயன்படுத்தினார். தனியாக மாறுபட்டவர் ஹார்லன் ஸ்டோன் ஒருவர் மட்டுமே. தன் தீர்ப்பை மன்றத்தில் வாய்விட்டே படித்தார்.

அடுத்த சில நாட்களிலேயே அடிதடி தொடங்கியது. மெயின் மாநிலத்தின் கென்னபங்கில் சாட்சிகளின் வழிபாட்டுக் கூடமான ராஜ்ய மன்றத்தைக் கும்பல் கொளுத்தியது. மேற்கு வர்ஜினியாவின் ரிச்வுட்டில் சட்டத்தைக் காக்க வேண்டிய காவல் அதிகாரியே முன்னின்று, சாட்சிகளைப் பிடித்து விளக்கெண்ணெய் குடிக்கவைத்து, கயிற்றில் கட்டி ஊர்வலமாக நடத்தினார். பின்னாளில் அதற்காக அவர் தண்டிக்கப்பட்டார். அமைதி காக்கும்படி அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டே வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது. சாட்சிகள் துரோகிகள் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாகத் தெருவில் இருப்பவன் எடுத்துக்கொண்டான். தீர்ப்பில் அப்படி ஒரு வரியும் இல்லை. தீர்ப்பை யார் படிக்கிறார்கள்?

1942இல் வேறொரு வழக்கில், பிளாக், டக்ளஸ், மர்பி ஆகிய மூன்று நீதிபதிகள், மைனர்ஸ்வில் வழக்கில் தாங்கள் தவறு செய்துவிட்டதாக எழுதிவைத்தார்கள். யாரும் கேட்காமலே! நீதிபதிகள் இப்படி ஒப்புக்கொள்வது அபூர்வம். இதற்கிடையில் ஸ்டோன் தலைமை நீதிபதியாகியிருந்தார். புதிய நீதிபதிகளும் வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த வழக்கு மேற்கு வர்ஜினியாவிலிருந்து வந்தது. அங்கே ஏற்பாடு விசித்திரமானது. வணங்காத பிள்ளையைப் பள்ளி வெளியேற்றும். வெளியேறிய பிள்ளை சட்டப்படி பள்ளிக்கு மட்டம் போட்டதாகக் கணக்கு. அதற்காகப் பெற்றோருக்கு 50 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறை. வழக்குத் தொடுத்த குடும்பங்களில் ஒன்றின் பெயர் பார்னெட் (Barnett). நீதிமன்ற ஆவணத்தில் யாரோ கூடுதலாக ஓர் எழுத்தைச் சேர்த்துவிட, சட்ட வரலாற்றில் அது ‘Barnette’ என்றே நிலைத்துவிட்டது. முந்தைய வழக்கிலும் அதே கதை: வில்லியமின் கோபிடாஸ் குடும்பம் சட்டப் புத்தகங்களில் இன்றுவரை கோபிடிஸ். பெயரைக்கூடச் சரியாக எழுதாத ஒரு மன்றத்திடம்தான் இவர்கள் மனசாட்சியைக் காக்கச் சொல்லிப் போனார்கள்.

1943 ஜூன் 14, அமெரிக்கக் கொடி நாள். போர் உச்சத்தில் இருந்தது. அன்றைக்குத்தான் உச்ச நீதிமன்றம் மூன்று வருடத்துக்கு முந்தைய தன் தீர்ப்பைத் தானே ரத்து செய்தது, ஆறுக்கு மூன்று. எழுதியவர் ராபர்ட் ஜாக்சன். இரண்டு ஆண்டு கழித்து நியூரம்பர்க்கில் நாஜித் தலைவர்கள் மீது அமெரிக்காவின் சார்பில் வழக்கு நடத்தியவர். அரசியலிலோ தேசப்பற்றிலோ மதத்திலோ இதுதான் சரியான கருத்து என்று விதிக்கவும், அதை வாயால் சொல்லவைக்கவும் எந்தப் பெரிய, சின்ன அதிகாரிக்கும் உரிமையில்லை என்றார். சில உரிமைகளை ஓட்டெடுப்புக்கு எட்டாத உயரத்தில் வைப்பதற்காகத்தான் அரசியல் சாசனத்தில் அவை எழுதப்பட்டன என்றார். முக்கியமான விஷயம், இதை அவர் மத உரிமையாகப் பார்க்கவில்லை, பேச்சுரிமையாகப் பார்த்தார். பேசும் உரிமைக்குள் பேசாதிருக்கும் உரிமையும் அடக்கம். ஆகவே கடவுள் நம்பிக்கை இல்லாதவனுக்கும் அது சொந்தம். பிராங்க்பர்ட்டர் அசையவில்லை. உலகிலேயே அதிகம் துன்புறுத்தப்பட்ட இனத்தைச் சேர்ந்தவன் நான், ஆனாலும் நீதிபதியாக இருக்கையில் என் விருப்பத்தைச் சட்டமாக்க மாட்டேன் என்று மனம் கசந்து எழுதினார்.

ஜாக்சனும் பிராங்க்பர்ட்டரும் இன்னும் சண்டையை முடிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2022இல் கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் பறித்து, முடிவை மக்களின் பிரதிநிதிகளிடமே விடுகிறோம் என்றது. அது அச்சு அசல் பிராங்க்பர்ட்டரின் குரல். ஆனால் பழைய தீர்ப்பைத் தூக்கியெறிவதற்கு முன்னுதாரணமாக அதே தீர்ப்பு காட்டியவற்றில் ஒன்று, ஜாக்சனின் 1943 தீர்ப்பு! மறு ஆண்டு, ஒருபாலினத் திருமணங்களுக்கு இணையதளம் வடிவமைக்க மாட்டேன் என்ற கொலராடோ பெண் ஒருவர் வென்றார். மனத்துக்கு ஒவ்வாததைச் சொல்லவைக்கக் கூடாது என்பதற்கு அங்கேயும் சாட்சிக்கு அழைக்கப்பட்டவர்கள் அந்த மேற்கு வர்ஜினியாக் குழந்தைகள்தான். பாகுபாடு காட்டும் வியாபாரிக்குப் பேச்சுரிமையைக் கேடயமாக்கலாமா என்று மாறுபட்ட நீதிபதிகள் மூவர் கேட்காமலில்லை. பிள்ளைகள் கை தூக்க மறுத்ததால் வேறு எவருக்கும் கடைக் கதவு மூடவில்லை என்பது என் கணக்கு. அந்த வித்தியாசம் லேசானதல்ல.

கேரளத்திலும் இதே போன்ற மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். 1985இல் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், வாய் திறக்கவில்லை, பள்ளி நீக்கியது. 1986இல் நம் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். அவர் எடுத்துப் பார்த்த தீர்ப்புகளில் இந்த இரண்டு அமெரிக்க வழக்குகளும் உண்டு.

அமெரிக்காவில் இப்போதும் பெரும்பாலான மாநிலங்களில் காலையில் உறுதிமொழி ஒலிக்கிறது. விருப்பமில்லாத மாணவர் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் புளோரிடாவில் அதற்குப் பெற்றோர் எழுத்தில் கேட்க வேண்டும் என்று சட்டம். 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லும் என்றது. அது பெற்றோரின் உரிமையாம். உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை. பத்து வயது வில்லியம் இன்று அங்கே படித்தால், அவன் எழுதிய கடிதம் செல்லாது. அப்பாவின் கையெழுத்து வேண்டும்.