திரும்பவும் வரும் மஞ்சள் கறை

திருவிழாவுக்கோ கலியாணத்துக்கோ கடன்பட்டாவது வீட்டுச் சுவருக்குப் பெயின்ற் பூசுகிறோம். சில நாட்களிலேயே பழைய மஞ்சள் கறை மீண்டும் தலைகாட்டுகிறது. "பெயின்ற் சரியில்லை" என்கிறோம். வீட்டுக்குள் பல ஆண்டுகள் சுருட்டோ, பீடியோ, சிகரெட்டோ புகைத்திருந்தால் காரணம் வேறு.

கறை ஏன் திரும்புகிறது?

புகையிலுள்ள நிக்கோட்டினும் தாரும் சுவரில் படிகின்றன. நிக்கோட்டின் நீரில் கரையக்கூடியது. எமல்சனும் சுண்ணாம்பும் நீர் சேர்ந்த பூச்சுகள். அந்த நீர் கறையைக் கரைத்து, காயும்போது மேலே கொண்டு வருகிறது. எத்தனை தடவை பூசினாலும் இதே கதைதான். கழுவுதல், உலரவிடுதல், அடைத்தல் ஆகிய மூன்றும் முடிந்த பின்னரே பெயின்ற் பூசவேண்டும்.

செய்யும் முறை

1. ஈரமான வெள்ளைத் துணியால் சுவரைத் துடைத்துப் பாருங்கள். துணி மஞ்சளாகவோ கபிலமாகவோ மாறினால் அது பெரும்பாலும் புகைக்கறை. கூரை ஒழுக்கால் வந்த கறையாயின் முதலில் கூரையைத் திருத்துங்கள்.

2. வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து, கையுறை அணிந்து, கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். மேலிருந்து தொடங்கினால் வழியும் அழுக்குநீர் கோடுகளை விட்டுவிடும். பின்னர் நல்ல நீரால் அலசுங்கள். சுண்ணாம்புச் சுவரை நனைத்து, பழைய பூச்சைச் சுரண்டி எடுப்பதே நல்லது.

3. நன்றாக உலரவிடுங்கள். திருகோணமலையில் மாரி காலத்தில் சுவர் இலகுவில் காயாது. கச்சான் வீசும் மாதங்களே இவ்வேலைக்கு உகந்தவை.

4. கறையை அடைக்கும், நீர் சேராத எண்ணெய் வகைப் பிறைமரைப் பூசுங்கள். செலவைக் குறைக்க இதைத் தவிர்த்தால் முழுச் செலவும் வீண். இது காய்ந்த பின் எமல்சனை இரண்டு தடவை பூசலாம்.

கவனம்

பிறைமரும் தின்னரும் எளிதில் தீப்பற்றும். கதவு, யன்னல்களைத் திறந்து வையுங்கள். அடுப்பு எரியக்கூடாது, புகைக்கவும் கூடாது. பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசு எழுப்பாமல், நனைத்தே தேயுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

சுவருக்கு அப்பால்

சுவரில் படிந்த நிக்கோட்டின், காற்றிலுள்ள நைதரஸ் அமிலத்துடன் சேர்ந்து புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருட்களாக மாறுவதை 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். புகை பாயிலும் தலையணையிலும் திரைச்சீலையிலும் கூடப் படிகிறது. தரையில் தவழ்ந்து, கண்டதையெல்லாம் வாயில் வைக்கும் குழந்தைக்கே இதனால் பாதிப்பு அதிகம். எனவே துணிகளையும் துவையுங்கள்.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடைசெய்கிறது. நம் வீட்டு அறைக்கு அந்தச் சட்டம் வராது. அங்கே விதி வகுக்கவேண்டியவர்கள் வீட்டாரே. புகைப்பவர் முற்றாக விட முடியாவிட்டாலும், முற்றத்துக்குப் போய்ப் புகைக்கட்டும். அந்த உடன்பாடு இல்லாமல் பெயின்ற் வாங்காதீர்கள்.