முந்தித் துடிக்கும் இதயம்: யாருக்குச் சூடு தேவை?

விருதுநகர் மாவட்டத்துக் கிராமச் சாலைகளில் விடியற்காலையில் ஓடிப் பழகும் இளைஞர்களைப் பார்க்கலாம். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அதற்கான பயிற்சி அது. சற்று நேரத்தில் அதே சாலை வழியாகப் பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வேன்கள் கிளம்பும். இந்த இரண்டு கூட்டத்திலிருந்தும் ஒவ்வொருவரை உட்காரவைத்து இ.சி.ஜி. எடுத்தால் இருவரிடமும் ஒரே மாதிரி வரைபடம் வர வாய்ப்புண்டு. வரிசையாக வரும் துடிப்புகளுக்கு நடுவே ஒன்று மட்டும் நேரத்துக்கு முன்பே வந்திருக்கும். அதன்பின் வழக்கத்தைவிட நீண்ட இடைவெளி. மருத்துவர்கள் இதை எக்டோபிக் என்கிறார்கள். வந்தவர் ‘நெஞ்சு பக்குன்னு நின்னு திரும்ப அடிக்குது’ என்பார். ஓட்டக்காரர் என்றால் பதறுவதும், கூலியாள் என்றால் ‘டென்ஷன்தான், போய்ட்டு வாங்க’ என்பதும் எளிதில் வந்துவிடுகிற பதில்கள். இரண்டுமே பிழை. கதீட்டர் அப்லேஷன், அதாவது மெல்லிய குழாயை ரத்தநாளம் வழியே இதயத்துக்குள் செலுத்தித் துடிப்பு முந்துகிற இடத்தைச் சூடு வைத்து அணைக்கும் சிகிச்சை, யாருக்கு வேண்டும் என்பதை ஆளின் தொழில் தீர்மானிக்கக் கூடாது. இதயத்தின் அமைப்பும், எக்டோபிக்கின் எண்ணிக்கையும், அவர் படும் தொந்தரவும்தான் தீர்மானிக்க வேண்டும்.

இதயத்தின் மேலறையில் இருக்கும் சைனஸ் முடிச்சுதான் ஒவ்வொரு துடிப்பையும் தொடங்கிவைக்கிறது. கீழறைத் தசையில் ஏதோ ஒரு சிறு புள்ளி அதற்கு முந்திக்கொண்டு தன்பாட்டுக்கு மின்துடிப்பை எழுப்பினால் அது எக்டோபிக். இதயம் நன்றாக இருப்பவர்களிடம் இந்தப் புள்ளி பெரும்பாலும் வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் கிளம்பும் வாசலில் இருக்கும். முந்தி வந்த துடிப்பில் அறை ரத்தத்தால் நிரம்புவதற்குள் சுருங்கிவிடுகிறது. நாடியில் அது தட்டுப்படுவதே அரிது. பின்னால் வரும் இடைவெளியில் அறை கூடுதலாக நிரம்பி, அடுத்த அடி பலமாக விழுகிறது. மனிதர்கள் பயப்படுவது அந்தப் பலமான அடிக்கு. அதுவோ முறையான துடிப்பு!

இந்தப் பயம் மருத்துவர்களுக்கும் ஒரு காலத்தில் இருந்தது. 1985ல் அமெரிக்காவில் கென்னடி குழுவினர், அடிக்கடி எக்டோபிக் வந்தும் வேறு நோயோ தொந்தரவோ இல்லாத 73 பேரைச் சராசரியாக ஆறரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட முடிவு, அவர்களின் ஆயுள் வாய்ப்பு மற்றவர்களைப் போலவேதான் இருக்கிறது என்றது. அதைவிடப் பெரிய பாடம் ‘காஸ்ட்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்விலிருந்து வந்தது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு எக்டோபிக் இருந்தால் ஆபத்து கூடுதல் என்பது தெரிந்திருந்தது. ஆகவே எக்டோபிக்கை மாத்திரையால் அடக்கினால் உயிர் காக்கலாம் என்று நம்பினார்கள். என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற மாத்திரைகள் துடிப்பை நன்றாகவே அடக்கின. 1991ல் வந்த இறுதிக் கணக்கில் மாத்திரை எடுத்தவர்களில் 63 பேரும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 26 பேரும் இறந்திருந்தார்கள். இரு பிரிவிலும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் ஆட்கள். வரைபடம் சுத்தமானதால் ஆள் பிழைத்துவிடுவதில்லை என்பதை இதயவியல் இப்படித்தான், கொடுத்த விலையோடு, கற்றுக்கொண்டது. ‘எக்டோபிக் இருக்கிறது, எதற்கும் அதை அணைத்துவிடலாமே’ என்று இன்று யாராவது சொன்னால் நினைவுக்கு வர வேண்டியது இந்த ஆய்வு.

அப்படியானால் தீங்கில்லாததைத் தொடவே வேண்டாமா? அங்கேதான் எண்ணிக்கை உள்ளே வருகிறது. ஒரு நாளில் இதயம் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஹோல்டர் என்ற சிறு கருவியை மார்பில் பொருத்தி 24 மணி நேரம் பதிவெடுத்தால், அந்த லட்சத்தில் எத்தனை எக்டோபிக் என்று தெரிந்துவிடும். நூறோ ஆயிரமோ வந்தால், இதயம் நன்றாக இருக்கிறவருக்கு ஆறுதல் வார்த்தையே போதும். 2010ல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 174 பேரிடம் பார்த்தபோது, மொத்தத் துடிப்பில் 24 சதவீதத்துக்கு மேல் எக்டோபிக்காக இருந்தவர்களிடம்தான் இதயத்தின் இறைக்கும் திறன் குறைந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. 10 சதவீதத்துக்குக் கீழே அது அரிது. அதாவது, முதலில் தீங்கில்லாமல் இருந்த துடிப்பே நாள்தோறும் பல்லாயிரம் முறை முந்தி வந்து தசையைத் தளர்த்திவிடுகிறது. நல்ல செய்தி, புள்ளியை அணைத்தால் பெரும்பாலோரின் இதயம் சில மாதங்களில் பழைய வலுவுக்குத் திரும்பிவிடுகிறது.

அப்லேஷனில் தொடை இடுக்கின் ரத்தநாளம் வழியே குழாய்கள் உள்ளே போகின்றன. மயக்க மருந்தை முடிந்தவரை குறைக்கிறார்கள். ஆழ்ந்து தூங்கினால் எக்டோபிக்கும் அடங்கிவிடும், அடங்கினால் எங்கிருந்து வருகிறது என்று தேட முடியாது. அதனால்தான் துடிப்பை அடக்கும் மாத்திரையையும் சில நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மேசையில் படுத்தவருக்கு எக்டோபிக் வரவே மறுத்தால், இதயத்தைத் தூண்டும் மருந்து கொடுத்து வரவழைப்பதும் உண்டு. வேண்டாத துடிப்புக்காக எல்லோரும் காத்திருக்கும் விசித்திரமான அறை அது. இடம் தெரிந்ததும் ரேடியோ அலை மின்சாரத்தால் சில மில்லிமீட்டர் தசை சூடேற்றி அணைக்கப்படுகிறது. சீனாவில் வலது வாசல் எக்டோபிக் உள்ள 330 பேரை இரண்டாகப் பிரித்துச் செய்து 2014ல் வெளியான ஒப்பீட்டில், ஓராண்டில் அப்லேஷன் பெற்றவர்களில் 19.4 சதவீதத்தினருக்கும் மாத்திரை எடுத்தவர்களில் 88.6 சதவீதத்தினருக்கும் எக்டோபிக் திரும்பியது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2015ல் பல மருத்துவமனைகளின் 1,185 பேர் விவரத்தைத் தொகுத்தபோது 5.2 சதவீதத்தினருக்குச் சிக்கல் வந்திருந்தது. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை பெரிய சிக்கல்கள். உயிரிழப்பு இல்லை. சூடு வைக்கும் இடங்கள் நுட்பமானவை: வலது வாசலின் சுவர் மெல்லியது, இடப்பக்கத்தில் கரோனரி ரத்தநாளம் ஒட்டியே ஓடுகிறது. நாளுக்கு ஆயிரம் எக்டோபிக்கை அணைக்க ஐந்து சதவீத ஆபத்தை ஏற்பது நட்டக் கணக்கு. இருபத்தைந்தாயிரத்துக்கு அது லாபம்.

விளையாட்டு வீரர்களுக்குத் தனி விதி வேண்டும் என்பவர்களிடம் ஒரு நியாயம் உண்டு. இத்தாலியில் பிஃபி குழுவினர் 2004ல் வெளியிட்ட ஆய்வில், எக்டோபிக் மிகுந்த வீரர்களைச் சில மாதங்கள் பயிற்சியிலிருந்து விலக்கி வைத்தபோது பலரிடம் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஓய்வே மருந்தென்றால் குழாய் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் அதே நாட்டில் டெலிஸே குழுவினர், எக்டோபிக் மிகுந்தும் இதயம் நன்றாக இருந்த 120 வீரர்களை விளையாட்டைத் தொடரவிட்டு ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கவனித்தார்கள். விபரீதம் எதுவும் நேரவில்லை. ஆக, ஓய்வால் எண்ணிக்கை குறைவது உண்மை. ஓய்வெடுக்காவிட்டால் ஆபத்து என்பது இதிலிருந்து கிடைக்கவில்லை. காவலர் தேர்வுக்கு ஓடுகிறவரிடம் ஆறு மாதம் சும்மா இரு என்றால் அந்த ஆண்டின் வாய்ப்பு போயிற்று. அவருக்கு எக்டோபிக் மிகுதியாகவும் தொந்தரவாகவும் இருந்தால் அப்லேஷன் நியாயமான வழிதான். அதே எண்ணிக்கை உள்ள ஆலைத் தொழிலாளிக்கும் அது அதே அளவு நியாயம்.

வீரரிடம் கூடுதலாகக் கேட்க வேண்டியது வேறொன்று: இது உண்மையிலேயே தீங்கில்லாத வகைதானா? வாசல் எக்டோபிக் பொதுவாக ஓட்டம் வேகமெடுத்தால் மறைந்துவிடும். ஓட ஓடக் கூடினால், வெவ்வேறு வடிவத்தில் வந்தால், ஓடும்போது மயங்கி விழுந்தால், குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் இருந்தால், அது வேறு கதை. உதாரணமாக, வலது கீழறைத் தசை கொழுப்பாகவும் நாராகவும் மாறும் பரம்பரை நோய் உடலுழைப்பால் வேகமெடுக்கும். நம் நாட்டில் இன்னொன்றும் உண்டு: ஐதராபாத்தில் டாக்டர் களம்பூர் நரசிம்மன் குழுவினர் 2011ல் வெளியிட்டபடி, இறைக்கும் திறன் நன்றாக இருந்தும் கீழறை அளவுமீறிய வேகத்தில் துடித்து வந்த சிலரிடம் சார்காய்டோசிஸ், காசநோய் போன்ற நோய்களின் அழற்சிக் கட்டிகள் இதயத்தில் இருந்தன. எக்கோ எனும் மீயொலிப் பரிசோதனையில் இது தப்பிவிடலாம். சந்தேகம் இருந்தால் இதய எம்.ஆர்.ஐ. வேண்டும். இந்தக் கட்டிகள் உள்ளவர்களுக்கு முதலில் தேவை சூடு அல்ல, நோய்க்கான மருந்து.

பட்டாசு ஆலைகள் நிறைந்த சிவகாசிப் பக்கத்தில் குழாயை எடுக்குமுன் பார்க்க வேண்டியவை இன்னும் சில இருக்கின்றன. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் எக்டோபிக் பெருகும். கரையும் பேரியம் உப்பு வயிற்றுக்குள் போனால் ரத்தத்துப் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் பூட்டிவைத்துவிடும். கைகால் தளரும், துடிப்பு தாறுமாறாகும். பச்சை வண்ண ஒளிக்காகப் பட்டாசில் சேர்க்கப்பட்டுவந்த பேரியத்தை 2018ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. பட்டாசு மருந்தைத் தெரிந்தோ தெரியாமலோ விழுங்கியவரிடம் எக்டோபிக் தெரிந்தால் அங்கே சிகிச்சை பொட்டாசியம்தான். வெயிலில் வியர்த்து நீரிழந்து, பட்டினியும் தேநீருமாகப் பொழுதை ஓட்டுகிறவருக்கும் முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

ஹோல்டர் விஷயத்தில் இந்த ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று. அது பேட்டரியில் ஓடும் மின்கருவி. செல்போனைக்கூட அனுமதிக்காத வெடிமருந்து அறைக்குள் அதை மார்பில் கட்டிக்கொண்டு போக முடியாது, போகவும் கூடாது. ஆகவே பட்டாசுத் தொழிலாளியின் பதிவு எப்போதும் விடுப்பு நாளின் பதிவாகத்தான் இருக்கும். எக்டோபிக் நாளுக்கு நாள் மாறுவது. ஓய்வு நாளில் குறைந்துபோனால் நோய் சிறிதாகத் தெரியும், சும்மா படுத்திருக்கையில் கூடினால் பெரிதாகத் தெரியும். ஒரே நாளோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று நாள் பதிவெடுப்பதும், ஆலை வேலைக்கு ஈடாக டிரெட்மில்லில் நடக்கவைத்துப் பார்ப்பதும் இதற்கு மாற்று. ஓட்டக்காரருக்கு இந்தத் தடை இல்லை. அவர் கருவியோடு ஓடிக் காட்டலாம்.

இதெல்லாம் பெரிய மருத்துவமனைகள் உள்ள மதுரைக்குப் பலமுறை அலைய முடிந்தவர்களுக்குத்தானே என்ற மறுப்பு நியாயமானது. அன்றாடக் கூலிக்காரருக்கு ஒரு நாள் அலைச்சலே ஒரு நாள் கூலி. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும், சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து துண்டுக் கணக்கில் வேலை செய்யும் பெண்களில் பலருக்கு அந்தப் பதிவே கிடையாது. ஆனாலும் அலைச்சலைக் குறைக்கும் எளிய வழி ஒன்று உண்டு. துடிப்பு பிசகுவது தெரியும் நேரத்தில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ 12 லீடு இ.சி.ஜி. எடுத்து, எக்டோபிக் விழுந்த அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்வது. ஹோல்டர் எத்தனை என்று சொல்லும். இதயத்தின் எந்த மூலையிலிருந்து என்பதை இந்தத் தாள்தான் நன்றாகக் காட்டும். வலது வாசலா, இடது வாசலா, ஆபத்தான இடமா என்று நிபுணர் அதைப் பார்த்தே பெரும்பாலும் ஊகித்துவிடுவார். எக்கோவும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனால், சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சை முதல் நாளே தொடங்கலாம்.