கராத்தே கிளாஸில் உங்கள் பிள்ளை என்ன சொல்கிறான்?

வெள்ளைச் சீருடை, இடுப்பில் கலர் பெல்ட், வாயில் ஏதோ ஜப்பானிய வார்த்தைகள்... கராத்தே வகுப்பு முடிந்து வரும் பிள்ளையிடம், "கடைசியில எல்லாரும் சேர்ந்து என்னடா சொன்னீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரியாது. மாஸ்டர் சொல்லச் சொன்னார், சொன்னோம், அவ்வளவுதான்!

'ஷோட்டோகான்' என்ற கராத்தே பிரிவில் இதற்கு 'டோஜோ குன்' என்று பெயர். பயிற்சிக்கூடத்தின் நெறி என்று பொருள். மாணவர்கள் முழங்காலை மடக்கி வரிசையாக உட்காருவார்கள். மூத்தவர் ஒருவர் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். மொத்தம் ஐந்து. குணத்தைச் செம்மையாக்குவது, உண்மையாக இருப்பது, முயற்சியை வளர்ப்பது, மரியாதை காட்டுவது, முரட்டு வேகத்தை அடக்குவது. வேடிக்கை என்னவென்றால், ஐந்து வரியுமே 'ஹிதோட்சு', அதாவது 'ஒன்று' என்றுதான் ஆரம்பிக்கும். இரண்டாவது, மூன்றாவது என்று எதையும் கீழே தள்ளுவதில்லை.

வைத்தியன் என்ற முறையில் எனக்கு இதில் இன்னொன்றும் பிடிக்கும். உதைத்து, குதித்து முடித்த உடம்பில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். அப்போது அமைதியாக உட்கார்ந்து, நிறுத்தி நிதானமாக வாய்விட்டுச் சொல்லும்போது வெளிமூச்சு நீளுகிறது. படபடப்பு மெல்ல இறங்குகிறது. அவசரமாக ஒப்பித்துவிட்டு சைக்கிளை எடுக்க ஓடினால் இந்த லாபம் போச்சு.

கராத்தேயை 1922-ல் டோக்கியோவுக்குக் கொண்டுவந்து காட்டிய கிச்சின் ஃபுனாகோஷி (1868–1957), ஒகினாவாத் தீவுக்காரர், பள்ளி வாத்தியார். சின்ன வயதில் நோஞ்சான் பிள்ளையாக இருந்தவர். முதல் அடி நம்முடையதாக இருக்கக் கூடாது என்பதை அவர் ரொம்பவும் வற்புறுத்தினார். நம் கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசான்களுக்கும் இந்த ஜாக்கிரதை உண்டு. அடிக்கிற இடத்தைச் சொல்லிக்கொடுத்தால், அந்த அடியை எடுக்கிற இளக்குமுறையையும் சேர்த்தே கற்றுத்தருவார்கள்.

தொல்லை வருவது 'முயற்சி' என்ற வரியில்தான். அதை 'வலித்தாலும் வாயைத் திறக்காதே' என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். சில பெற்றோரும்தான்! பத்து முதல் பதினைந்து வயது வரை எலும்பு வேகமாக வளரும் பருவம். முழங்கால் சில்லுக்குக் கீழே, தசைநாண் வந்து சேரும் இடம் இன்னும் கெட்டிப்பட்டிருக்காது. திரும்பத் திரும்பக் குதித்தால், உதைத்தால், அந்த இடம் இழுபட்டு வலிக்கும்; சிலருக்குப் புடைத்தும் விடும். தசைவலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். இது அப்படிப் போகாது. மாடிப்படி ஏறும்போது முகம் சுளிக்கிறானா என்று பாருங்கள். குதிப்பதை நிறுத்தி ஓய்வு கொடுங்கள். எங்கள் வைத்தியத்தில் தைலங்கள் உண்டு. ஆனால் ஓய்வு கொடுக்காமல் தைலத்தை மட்டும் தேய்த்துப் பிரயோஜனம் இல்லை. நொண்டினாலோ, மூட்டு வீங்கினாலோ, ராத்திரி வலியில் விழித்துக்கொண்டாலோ எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஜூடோக்காரர்களுக்கு வேறு வாசகங்கள். 1882-ல் டோக்கியோவில் 'கோடோகான்' என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோவும் கல்வித்துறைக்காரர்தான். சக்தியை வீணாக்காமல் நல்ல வழியில் பயன்படுத்து என்பது ஒன்று. நீயும் எதிராளியும் சேர்ந்தே வளருங்கள் என்பது இன்னொன்று. கேட்க உபதேசம் மாதிரி இருக்கும். பாயில் இறங்கிப் பார்த்தால் விஷயம் புரியும். தூக்கிப்போடுவதற்கு முன்னால் விழக் கற்றுக்கொடுப்பார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, கையால் பாயை அறைந்து விழ வேண்டும், பின்மண்டை தப்பிக்கும். பிடியில் மாட்டியவன் கையால் தட்டினால், அந்த நிமிஷமே விட்டுவிட வேண்டும். கூட்டாளிக்கு அடிபட்டால் நாளைக்கு யாரோடு பயிற்சி செய்வது?

பிள்ளையைச் சேர்க்கும் முன், ஒரு நாள் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஒரு பிள்ளை, "வலிக்குது மாஸ்டர்" என்றால் அவர் என்ன செய்கிறார்? உட்கார வைத்து எங்கே வலிக்கிறது என்று கேட்கிறாரா, இல்லை இன்னும் இருபது தண்டால் எடுக்கச் சொல்கிறாரா என்று கவனியுங்கள்.