நிற்கும்போது சூடாகி அணைந்துவிடும் ஸ்கூட்டர்

ஸ்கூட்டரின் இன்ஜின் உறைகளுக்குள் மறைந்திருப்பதால், வண்டி ஓடும்போது வீசும் காற்று அதன்மேல் நேராகப் படாது. காற்றால் குளிரும் வண்டிகளில் கிராங்க் தண்டோடு சுழலும் விசிறியே சிலிண்டரைக் குளிர்விக்கிறது. சிக்னலில் நிற்கையில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 1,700 முறையே சுழலும். விசிறியின் காற்றும் குறையும்.

ஆகவே, விசிறி உறையில் அடைத்திருக்கும் தூசியையும் சருகையும் முதலில் நீக்க வேண்டும். அடுத்து, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஆயில் அளவைப் பார்க்க வேண்டும்.

கார்புரேட்டர் வண்டியில் ஐடில் ஜெட் அடைத்தாலோ, இன்டேக் குழாயின் ரப்பர் வெடித்துக் காற்று புகுந்தாலோ, கலவையில் பெட்ரோலின் பங்கு குறையும். அதனால் சூடு ஏறி இன்ஜின் அணைந்துவிடும். ஆக்சிலரேட்டரைத் திருகித் திருகிச் சமாளிப்பது தீர்வல்ல. ஜெட்டைச் சுத்தம் செய்து, வெடித்த ரப்பரை மாற்ற வேண்டும்.

டேப்பட் இடைவெளி குறைந்திருந்தால், சூட்டில் விரியும் வால்வு முழுதாக மூடாமல் அழுத்தம் கசியும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே இதை மெக்கானிக் சரிசெய்ய வேண்டும். சூட்டில் மட்டும் ஸ்பார்க் வராவிட்டால் இக்னிஷன் காயிலைச் சோதிக்க வேண்டும்.

கொதிக்கும் இன்ஜினில் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலோகம் விரிசல் விடலாம். நிழலில் நிறுத்தித் தானாக ஆறவிடுவதே பாதுகாப்பு.