சிவராத்திரிக்குப் போன வேனும் செத்துப்போன பேட்டரியும்

‘மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு’ என்று கேட்டபோது கவிதை எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. எனக்கு வந்தது பேட்டரிதான்.

மகா சிவராத்திரி என்றால் எங்கள் தெருவுக்குச் சிதம்பரம். கடலூரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். ஆளுக்கு இவ்வளவு என்று காசு போட்டு ஒரு வேன் பிடிப்போம். ஓட்டுவது என் அப்பா, வண்டி முதலாளியுடையது. 1981-இல் தொடங்கிய நாட்டியாஞ்சலியும் சிவராத்திரியை ஒட்டித்தான் நடக்கிறது. ஆட்டம், பாட்டு, மிருதங்கம் எல்லாவற்றையும் ஆசைதீரப் பார்த்துவிட்டு, விரதக்காரர்கள் கோவிலில் கண்விழிக்க, பாட்டிகளும் பிள்ளைகளும் வேனிலேயே படுத்துக்கொள்வார்கள். வெளிநாட்டில் இதற்கென்றே வீடு மாதிரி வண்டி கட்டி, இசை விழாவுக்கு ஓட்டிப்போய் நாள்கணக்கில் தங்குகிறார்களாம். நமக்கு வேனும் இரண்டு பாயும் போதும். ஆனால் அவர்கள் வண்டியில் இருக்கும் ஒரு பொருள் நம் வண்டியில் இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

இரண்டு வருஷம் முன்பு, நான் முதலாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியதே நான்தான் என்பதால், தெருவில் ஃபேன் சுற்றவில்லை என்றாலும் “கரண்ட் படிக்கிற புள்ளைய கூப்பிடு” என்பார்கள். அந்தப் பெருமையில் வேனின் பேட்டரியிலிருந்தே ஸ்பீக்கருக்கும், செல்போன் சார்ஜருக்கு ஒரு சின்ன இன்வெர்ட்டருக்கும் லைன் எடுத்துக் கொடுத்தேன். ராத்திரி 9 மணியிலிருந்து 4 மணிவரை பாட்டும் வெளிச்சமுமாக ஒரே ஜோர்.

விடிந்தது. அப்பா சாவியைத் திருகினார். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

“ஏம்மா, வண்டி ஏன் எழுந்துக்கல?” என்று என்னைத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. 7 மணிக்கு அந்த வேன் வேறு சவாரிக்கு நிற்க வேண்டும். நிற்கவில்லை. அப்பாவுக்கு இரண்டு நாள் சம்பளம் போயிற்று. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பதில் இரண்டாம் ஆண்டில்தான் கிடைத்தது. நீங்களே போட்டுப் பாருங்கள். உள்விளக்கு நான்கு, தலா 10 வாட், ஆக 40. ஸ்பீக்கர் 50. இன்வெர்ட்டரும் சார்ஜர்களும் 30. மொத்தம் 120 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 10 ஆம்பியர். 7 மணி நேரத்துக்கு 70 ஆம்பியர்-மணி. பேட்டரியின் மேல் போட்டிருந்தது 75. ‘இன்னும் 5 மிச்சம் இருக்கிறதே’ என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். அந்த 75 என்பது பொதுவாக 20 மணி நேரக் கணக்கு, அதாவது 3.75 ஆம்பியர் வீதம் மெதுவாக எடுத்தால்தான் அவ்வளவு கிடைக்கும். 10 ஆம்பியராக உறிஞ்சினால் கொள்ளளவே குறைந்துவிடும். ஸ்டார்ட்டர் மோட்டாரோ சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும். அதற்காகவே வண்டி பேட்டரியில் மெல்லிய தகடுகளை நிறைய அடுக்கியிருக்கிறார்கள். ஒரே மூச்சில் ஓடுகிறவனை மூட்டை தூக்கவிட்ட கதைதான். அடிக்கடி இப்படி வற்றவிட்டால் தகடும் சீக்கிரம் கெட்டுப்போகும்.

தள்ளிப் பார்த்தோம். அப்பா ஓட்டிய பழைய மேட்டடார் காலத்தில் இரண்டாம் கியரில் போட்டுத் தள்ளினால் கிளம்பிவிடுமாம். இப்போதைய காமன் ரெயில் டீசல் எஞ்சினில் இன்ஜெக்டர் திறக்கவே கம்ப்யூட்டர் உத்தரவு போட வேண்டும். அதற்கும் கரண்ட் வேண்டுமே! கடைசியில் இன்னொரு வேன்காரர் ஜம்பர் கேபிள் கொடுத்தார். சிவப்பை நம் பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை அவர் பிளஸ்ஸில்; கறுப்பை அவர் மைனஸில். கடைசி முனையை நம் மைனஸில் மாட்டக்கூடாது, எஞ்சினின் வெறும் இரும்பில் மாட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும்; அதன் பக்கத்தில் பொறி பறந்தால் வெடித்துவிடலாம். இதை லேபில் கேட்டபோது தூங்கினேன்; அங்கே கண்ணால் பார்த்தேன்.

வெளிநாட்டு வண்டிகளில் இருக்கும் அந்தப் பொருள், வீட்டுக்கென்று தனியாக ஒரு பேட்டரி. எஞ்சினுக்கு ஒன்று, விளக்குக்கு இன்னொன்று. அது வற்றினாலும் இதைத் தொடாது. சென்ற சிவராத்திரிக்கு நான் வாங்கியது 12 வோல்ட், 18 ஆம்பியர்-மணி சீல் பேட்டரி. 3 வாட் எல்.இ.டி. நான்கு, மொத்தம் 12 வாட், ஒரே ஓர் ஆம்பியர். 7 மணி நேரத்துக்கு 7 ஆம்பியர்-மணி. பாதிகூட வற்றாது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ். போனுக்கு பவர் பேங்க். பாட்டுக்கு, கோவிலில் கேட்டதே போதும் என்று பாட்டிகள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்.

கையில் ஒரு மல்டிமீட்டர் இருக்கட்டும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 காட்டும். 12.2-க்கு வந்தால் ஏறக்குறைய பாதி காலி; அத்துடன் நிறுத்திவிடுங்கள்.

மற்ற சாமான் உங்களுக்கே தெரியும்: பாய், மாசிப் பனிக்குக் காது மூட ஒரு துண்டு, கொசுவத்தி (வெளியே மட்டும்), டார்ச், 20 லிட்டர் தண்ணீர் கேன். ஆனால் அந்தத் தண்ணீரை எங்கள் பெண்கள் குடிக்க மாட்டார்கள். கழிவறை எங்கே என்று தெரியாத ஊரில் ராத்திரி முழுக்க வாயை நனைப்பதோடு சரி. ஆகவே வேனை நிறுத்துமுன் கட்டணக் கழிவறை எங்கே என்று விசாரித்து, அதன் பக்கமாக நிறுத்தச் சொல்லுங்கள். கோபுரம் தெரிகிற இடமாகப் பார்த்து நிறுத்துவதைவிட இது முக்கியம்.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை. கொசுவுக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏ.சி.க்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற காரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று கண்டறிந்தார்கள். அதற்கு வாசனை கிடையாது, தூங்குகிறவனை எழுப்பாது. இரண்டு பக்கமும் கண்ணாடியை இறக்கி, கொசுவலைத் துணி கட்டுங்கள்.

சென்ற வருஷம் விடியற்காலை 4 மணிக்கு விழிப்பு வந்தபோது, அப்பா பானட்டைத் திறந்து, நான் சொல்லிக்கொடுத்தபடி மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “பன்னெண்டு புள்ளி ஆறுன்னு காட்டுது, சரிதானே?” என்றார். சரிதான் என்றேன். அப்படியும் நம்பாமல் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுத்தான் படுத்தார். வேனில் தூங்கிய அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

வரும் சிவராத்திரிக்கு எங்கள் வேனில் இரண்டு சீட் காலி. சொந்தமாக ஜம்பர் கேபிள் வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை.

– மூன்றாம் ஆண்டு, மின்னியல் பிரிவு