சீருடை மாறினாலும் கூடவே வரும் சோதனை அறிக்கை

சேர்வராயன் மலை உச்சியில், குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் வீற்றிருக்கும் கோயிலில் மே மாதம் திருவிழா நடக்கும். அப்போது ஏற்காட்டின் மலைக்கிராமங்களிலிருந்து சனம் திரண்டு மேலேறும். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவு போட்டுவிட்டு வருவார்கள். ராணுவத்துக்குப் போன பையன் வந்தால் கூட்டாளிகள் விடமாட்டார்கள். எந்தத் திருவிழாவிலும் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு பொட்டலம் கைமாறும் மூலை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. "ஒரு இழுப்புதானே மச்சான்" என்று நீட்டுகிறவனுக்கு மறுநாள் எஸ்டேட் வேலை காத்திருக்கும். வாங்கி இழுப்பவனுக்குக் காத்திருப்பது படைமுகாம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் அக்னிவீரர்களுக்கு நான்கு ஆண்டு முடிகிறது. அதிகபட்சம் நாலில் ஒருவர் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார். மற்றவர்கள் அடுத்த சீருடையைத் தேட வேண்டும். எல்லைப் பாதுகாப்புப் படைக் காவலர் பணியில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு முதலில் 10 விழுக்காடு ஒதுக்கியிருந்தார்கள். 2025 டிசம்பரில் அதை 50 விழுக்காடாக உயர்த்தினார்கள். ஓட்டம், தாண்டுதல் போன்ற உடல்திறன் தேர்வு அவர்களுக்குக் கிடையாது. மருத்துவப் பரிசோதனை உண்டு. பழைய படையில் எந்தக் காரணத்துக்காக, என்ன நடத்தையோடு வெளியே வந்தீர்கள் என்று காட்டும் சான்றிதழையும் கொடுத்தாக வேண்டும். போதைப்பொருள் சோதனையில் சிக்கிய விவகாரம் பழைய முகாமோடு முடிவதில்லை என்பதை இங்கேதான் பலரும் உணர்கிறார்கள்.

அமெரிக்க ராணுவத்தில் இந்தச் சிக்கல் பழையது. முழுநேரப் படை, ரிசர்வ், மாநிலங்களின் நேஷனல் கார்டு என்று அங்கே மூன்று பிரிவுகள். ஒன்றில் சிறுநீர் கொடுத்துவிட்டு, முடிவு வருவதற்குள் இன்னொன்றுக்கு மாறினால் தப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. முடிவு பின்னாலேயே போகும். புதிய பிரிவின் விதிப்படி நீக்க நடவடிக்கை தொடங்கலாம். அதே சமயம், மருந்துச்சீட்டோடு சாப்பிட்ட மருந்தா என்று பார்க்க அங்கே தனி மருத்துவ அதிகாரி இருக்கிறார். கெட்ட பெயரோடு வெளியேற்றப்பட்டவர் 15 ஆண்டுகளுக்குள் மறுபரிசீலனை வாரியத்தை நாடலாம்.

சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் எதைக் கேட்பது என்று தெரியும். முதலில் செய்வது ஸ்கிரீனிங். ஒரு பட்டையைச் சிறுநீரில் நனைத்தால் சில நிமிடத்தில் கோடு காட்டும். மலிவானது, வேகமானது, ஏமாறக்கூடியது. ஒரே மாதிரி அமைப்புள்ள வேறு மருந்தையும் அது போதைப்பொருள் என்று காட்டிவிடும். அதனால்தான் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற கருவியில் இரண்டாவதாக உறுதிப்படுத்தும் சோதனை செய்கிறார்கள். கஞ்சாவுக்கு உலகில் பரவலாக வைத்திருக்கும் அளவு, ஸ்கிரீனிங்கில் ஒரு மில்லி லிட்டருக்கு 50 நானோகிராம், உறுதிப்படுத்தலில் 15. எப்போதோ ஒரு முறை இழுத்தவருக்குச் சில நாளில் மறைந்துவிடும். வழக்கமாக இழுப்பவருக்கு வாரக்கணக்கில் தங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், புகை என் மேல் பட்டது என்ற சாக்கு பெரும்பாலும் எடுபடாது. 50 என்ற அளவு அந்தச் சந்தேகத்துக்குப் பெரும்பாலும் இடம் கொடுப்பதில்லை.

ஆனால் கசகசா கதை வேறு. குருமாவிலும் பாயசத்திலும் அரைத்து ஊற்றுகிறோமே, அது அபினிச் செடியின் விதை. அதன் மேல் ஒட்டியிருக்கும் மார்ஃபினும் கோடீனும் சிறுநீரில் வரும். 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே, கசகசா சேர்த்த பண்டங்களைத் தவிருங்கள் என்று தன் வீரர்களை எச்சரித்தது. கோடீன் கலந்த இருமல் மருந்தும் அப்படித்தான். மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிக் குடித்த ஒரு பாட்டில், திருவிழா விருந்தில் சாப்பிட்ட குருமா, இரண்டுமே உங்களைச் சந்தேகத்தில் நிறுத்த முடியும். லீவில் காய்ச்சல், இருமல் என்று போனால் டாக்டர் சீட்டையும் கடை பில்லையும் பத்திரப்படுத்துங்கள். மாதிரி கொடுக்கும்போதே, சாப்பிட்ட மருந்தை எழுத்தில் சொல்லுங்கள். முடிவு வந்த பிறகு சொல்வதை யாரும் எளிதில் நம்புவதில்லை.

மாதிரி எடுக்கும்போது கவனிக்க வேண்டியது சின்ன விஷயம்தான். குப்பி உங்கள் கண்முன் மூடப்படுகிறதா, சீல் வைக்கப்படுகிறதா, அதில் இருப்பது உங்கள் எண்தானா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். குப்பி யார் யார் கையில் போனது என்ற பதிவு பின்னால் வழக்கின் உயிர்நாடி. பாசிட்டிவ் என்று சொன்னால், உறுதிப்படுத்தும் சோதனை நடந்ததா என்று கேட்டு அறிக்கையின் நகலுக்கு எழுதிக் கொடுங்கள். பயத்தில் "நானே விலகிக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுப்பதைப் போன்ற பெரிய தவறு கிடையாது. சொந்த விருப்பத்தில் விலகும் அக்னிவீரருக்கு, பணி முடிவில் தரும் சேவா நிதித் தொகையில் அரசின் பங்கு கிடைக்காது. தான் கட்டியது மட்டுமே வட்டியோடு வரும்.

பணியிலிருந்து அனுப்புவதற்கு முன், விளக்கம் கேட்டு நோட்டீஸ் தருவது ராணுவ விதி 13 சொல்லும் பொதுவான நடைமுறை. தண்டனைப் பதிவுகளை எண்ணி இயந்திரத்தனமாக ஒரு வீரரை வெளியேற்றக் கூடாது, விசாரித்து அவருடைய சேவையை எடைபோட வேண்டும் என்று வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. வெளியேறும்போது சான்றிதழ் பெறும் உரிமை ராணுவச் சட்டம் 1950, பிரிவு 23இல் இருக்கிறது. பணி முடிந்த காரணத்தோடு, ஆங்கிலத்தில் மட்டுமல்ல, வீரரின் தாய்மொழியிலும் அதைத் தர வேண்டும். தமிழில் கேட்டு வாங்குங்கள். காரணம் தவறாக எழுதியிருந்தால் அந்த நிமிடமே தெரியும்.

அடுத்த வேலைக்கான படிவத்தில் பழைய விவகாரத்தை மறைக்காதீர்கள். சின்ன வழக்காக இருந்தாலும் மறைத்ததே தனிக் குற்றச்சாட்டாகிவிடும். அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், அற்பமான விவகாரத்தை வேலை தரும் அமைப்பு மன்னிக்கலாம், உண்மையைச் சொன்னவர் விஷயத்தையும் அதன் தகுதிப்படி ஆராயலாம் என்று வழிகாட்டியது. மறைத்தவருக்கு அந்த ஆதரவு குறைவு. மருத்துவப் பரிசோதனையில் தகுதியில்லை என்றால் மறுபரிசோதனைக்கு அங்கேயே சம்மதம் எழுதுங்கள். மத்தியக் காவல் படைகளில் அது பெரும்பாலும் மறுநாளே நடந்துவிடும்.

பழக்கமே ஆகிவிட்டவர்களுக்கும் வழி உண்டு. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985, பிரிவு 64ஏ, உட்கொண்டதாகவோ சிறு அளவு வைத்திருந்ததாகவோ வழக்குள்ள ஒருவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்து முடித்தால், அந்த வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. விமானத் துறையில் 2022 ஜனவரி 31 முதல் நடைமுறையில் உள்ள விதியும், விமானிகள் முதல் முறை சிக்கினால் மறுவாழ்வுச் சிகிச்சைக்கு அனுப்பச் சொல்கிறது. இரண்டாம் முறை மூன்று ஆண்டு இடைநீக்கம், மூன்றாம் முறை உரிமம் ரத்து. துப்பாக்கி ஏந்துகிறவர் போதையில் இருக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் விமானிக்குக் கிடைக்கும் அந்த முதல் வாய்ப்பு சிப்பாய்க்கும் எழுத்தில் கிடைக்க வேண்டும். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.

எங்கே முறையிடுவது என்பதில்தான் படை மாறியவர்கள் குழம்புகிறார்கள். ராணுவம், கடற்படை, விமானப்படை தந்த உத்தரவு என்றால், முதலில் மேலதிகாரிகளுக்குச் சட்டப்படியான புகார். ராணுவத்தில் இது பிரிவு 26. பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. இறுதி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். புகாருக்கு ஆறு மாதம் பதிலே வராவிட்டாலும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப். போன்றவை தந்த உத்தரவு என்றால் இந்தத் தீர்ப்பாயம் எடுக்காது. அரசியலமைப்பின் 226ஆம் பிரிவில் உயர் நீதிமன்றம்தான். தவறான கதவைத் தட்டி மாதங்களை இழந்தால் காலக்கெடு போய்விடும்.

வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். பட்டியல் பழங்குடியினருக்கு வருமான வரம்பில்லாமல் இலவசச் சட்ட உதவி தருகிறது 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவு. சேர்வராயன் மலையின் மலையாளி மக்கள் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள். சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது வெளியேற்ற உத்தரவு, சோதனை அறிக்கை, மருந்துச்சீட்டு, சாதிச் சான்றிதழ் நான்கையும் கையோடு எடுத்துப் போங்கள்.